தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, தொழிலாளிக்கு?

2024 மே 1, உழைப்பாளர் நாளில், விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் ஒரு கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்தார்கள். பெரிய குவாரி என்பதால் அது தலைப்புச் செய்தியானது. கிணற்றிலோ கட்டட அடித்தளத்திலோ பாறைக்கு வெடி வைத்தபோது ஒருவர் கையை இழந்தால், மாவட்டச் செய்திகளில் இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரியிலும் 'அஜாக்கிரதை' என்ற சொல் தவறாமல் இருக்கும்.

யாருடைய அஜாக்கிரதை?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. வெடிபொருளை வாங்கவும் வைத்திருக்கவும் 2008ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் வேண்டும். வாங்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பாதுகாப்பு முறைகளும் தெளிவானவை. டெட்டனேட்டரையும் தோட்டாவையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. தமருக்குள் தோட்டாவை மரக்குச்சியால்தான் இறக்க வேண்டும், இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் மின்வெடி வைக்கக் கூடாது. திரி வைத்த வேட்டு வெடிக்காமல் போனால், அரை மணி நேரம் யாரும் அருகே போகக் கூடாது என்கிறது சுரங்க ஒழுங்குமுறை.

அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி தருவது யார்? இந்தக் கேள்விக்கு எந்த விதியிலும் பதில் இல்லை. கிணற்று வேலையை அடிக்கணக்கில் பேசி விடுகிறார்கள். கம்ப்ரசர் டிராக்டருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குழிக்குள் நிற்பவரின் வயிற்றில் அடிக்கிறது. புகை அடங்கும் முன்பே அவர் இறங்குவதற்குக் காரணம் அறியாமை அல்ல. ஆபத்தை அவரைவிட அறிந்தவர் அங்கே யாரும் இல்லை.

சட்டம் அவரை எங்கே வைத்திருக்கிறது? 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. அந்தச் சட்டத்தில் பாதுகாப்புக் குழு வேண்டுமென்றால் 500 பேர் இருக்க வேண்டியிருந்தது. கிணறு வெட்டும் ஒரு செட்டில் ஆறேழு பேர் இருந்தாலே அதிகம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் கட்டுமானத்துக்கு அதே 10 பேர் என்ற வரம்பைத்தான் வைத்திருக்கிறது. பதிவேட்டில் தோட்டாவுக்கு இடம் உண்டு. அதைக் கையில் எடுப்பவருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இதைச் சட்டத்தில் விழுந்த சிறு ஓட்டை என்று கடந்துபோக முடியாது. தமிழ்நாட்டில் பாறை உடைப்பது யார் என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஒட்டர், போயர் சமூகத்தவர், குவாரிகளில் தலித்துகள், இப்போது வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள். கல் ஒட்டர்கள் இன்று சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். அதாவது, குற்றப்பரம்பரை என்று அரசு ஒருகாலத்தில் முத்திரை குத்திய மக்கள். அன்று அவர்களைக் கண்காணிக்க அரசுக்குப் பதிவேடு இருந்தது. இன்று அவர்களைக் காப்பாற்ற ஒரு பதிவேடு இல்லை. பாறையின் ஓட்டம் பார்த்துத் தமர் அடிக்கும் அறிவு அவர்களுடையது. உரிமமும் சான்றும் இன்னொருவர் பெயரில். உயிர் போனால் பழி மட்டும் மறுபடியும் அவர்கள் தலையில்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் புதிய தொகுப்பைப் பொருத்தலாம். பாறைக்கு வெடி வைப்பதைவிட ஆபத்தான வேலை எது? ஒரு தோட்டா வெடிக்கும் இடமெல்லாம் சட்டத்துக்குள் வர வேண்டும். அனுபவமுள்ள தொழிலாளிக்குத் தமிழில், செய்முறைத் தேர்வு வைத்து, கட்டணமின்றி அவர் பெயரிலேயே சான்று தர வேண்டும். வெடி வேலையில் அடிக்கணக்குக் கூலியை ஒழித்து, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து நாள்கூலி தர வேண்டும். விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் உரிமம் வைத்திருப்பவர் பெயரும் வேலை கொடுத்தவர் பெயரும் முதலில் வர வேண்டும்.

சாதி ஒழிப்பு பேசும் நாம் மலக்குழி மரணங்களைக் கொலை என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். பாறைக் குழியில் நிகழும் மரணங்களையும் அப்படியே சொல்ல வேண்டும்.