சிக்கனத்தின் வேகம்

2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில், ஹுசைன் சாகர் ஏரியை ஒட்டிய சாலைகளை மறித்து ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார் பந்தயம் நடத்தினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. 'சத்தமே இல்லை, இதெல்லாம் ஒரு ரேஸா?' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. (சத்தம் இருக்கிறது, பல் மருத்துவரின் கருவி மாதிரி ஒரு கீச்சல்.) எனக்கோ அந்தக் கார்களின் கஞ்சத்தனம் பிடித்திருந்தது. பின்சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே கிடையாது. மோட்டார்தான் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. பிடித்ததை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் இப்படி மீட்டதுதான். ஆக, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைவிட எங்கே காலை எடுப்பது என்பதில்தான் வித்தை. அன்று ழான் எரிக் வெர்ன், தன்னைவிடக் கூடுதல் சார்ஜ் மிச்சம் வைத்திருந்த நிக் கேசிடியைக் கடைசிவரை பின்னாலேயே நிறுத்தி ஜெயித்தார், மாதக் கடைசியிலும் கடன் வாங்காமல் குடும்பம் நடத்துபவர் போல. 2024 பந்தயம் தெலங்கானாவில் ஆட்சி மாறியதும் ரத்தானது. பந்தயத்துக்கு அரசுப் பணம் கொடுத்த விதம் பற்றி வழக்கும் வந்தது. ஊர்ச் சாலையில் விளையாடினால் ஊர் கணக்குக் கேட்கும், கேட்கட்டும். ஆனால் அந்தக் கடைசிச் சுற்றுகளை மறுபடி இங்கே பார்க்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.