படம் சொல்வது பாதி, நம்பர் சொல்வது மீதி!



எங்கோ ஒரு பாலைவனத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானம் ஒன்று உடைந்து கிடக்கிறது என்று வையுங்கள். பெயின்ட் எல்லாம் போயே போச்சு. நம் கையில் இருப்பது அதன் காக்பிட்டை எடுத்த பழைய ஃபோட்டோ ஒன்றுதான். அது எந்த விமானம் என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறேன் நான். அதுவும் நாம் லேபில் படிக்கிற பாடத்தை வைத்தே! ஆனால் எதுவரை முடியும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் யூனிட்டைப் பார்க்க வேண்டும். (ரெக்கார்டு நோட்டில் யூனிட் போடாததற்கு மார்க் குறைத்தால் நாம் முணுமுணுக்கிறோமே, அதே யூனிட்தான்!) இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைக் காட்ட ஒரு டயல் இருக்கும். அதில் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் தயாரிப்பு. பாதரச அங்குலம் என்றால் அமெரிக்கா. ‘அட்டா’ என்று போட்டிருந்தால் ஜெர்மனி. வேகமானி மைலிலா, கிலோமீட்டரிலா என்பது அடுத்த துப்பு.

பிறகு கட்டுப்பாட்டுத் தண்டு. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் அதன் தலையில் வளையம் போன்ற கைப்பிடி இருக்கும். பிரிட்டிஷ் மீட்டர் போர்டின் நடுவே ஆறு கருவிகள் இரண்டு வரிசையாக, ஒரே ஒழுங்கில் இருக்கும். மேலே வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்க வேகம். கீழே உயரமானி, திசைகாட்டி, திருப்பமானி. ஒரே ஒரு டயலை நம்பிவிடக் கூடாது. பழுதானால் கழற்றி வேறு மாட்டியிருப்பார்கள். மொத்த அமைப்பையும் டிராயிங்கோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்கு வரலாம்.

சரி, மாடல் தெரிந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை நண்பர்களே, பாதிதான் முடிந்தது!

2012-ல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் எண்ணெய் ஆய்வுப் பணிக்குப் போன ஒருவர், மணலில் ஏறக்குறைய முழுசாகக் கிடந்த விமானம் ஒன்றைப் படம் எடுத்தார். அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அது கர்டிஸ் கம்பெனியின் பி-40 கிட்டிஹாக், அமெரிக்கத் தயாரிப்பு. ஆனால் ஓட்டியது அமெரிக்கர் அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையும் அதே ரகத்தை வாங்கி ஓட்டியது. காக்பிட் யார் செய்தது என்று சொல்லும். யார் ஓட்டியது என்று சொல்லாது. பி-40 ரகத்தில் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. அதில் இது எது?

அதற்குப் பதில் சொன்னது நம்பர். ஈ.டி. 574 என்ற எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடினால், 260-வது ஸ்குவாட்ரன், 28-6-1942, ஃப்ளைட் சார்ஜென்ட் டென்னிஸ் காப்பிங், வயது 24 என்று வருகிறது. பழுதுபார்க்க வேறு தளத்துக்கு விமானத்தை எடுத்துப் போனவர், திரும்பவே இல்லை. விமானத்தின் அருகே பாராசூட் துணி கிடந்தது. உயிரோடு இறங்கி, அந்தத் துணியை நிழலுக்குக் கட்டியிருப்பார் என்று கருதினார்கள். 70 ஆண்டுகளாக ‘காணவில்லை’ என்று மட்டுமே இருந்த ஒருவருடைய கடைசிப் பயணம் எங்கே முடிந்தது என்று அவர் குடும்பத்துக்குத் தெரிந்தது!

ஆனால் விஷயம் வெளியே வந்ததும், அங்கே போனவர்கள் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போவதாகச் செய்தியும் வந்தது. "ஞாபகார்த்தமா ஒரு டயல்தானே, எடுத்தா என்ன?" என்று கேட்கலாம். இப்படி ஆளுக்கு ஒன்று என்று எடுத்து, நம்பர் தகடும் போய்விட்டால், மிஞ்சுவது பெயரில்லாத இரும்பு. அதை ஓட்டியவனும் பெயரில்லாதவன் ஆகிவிடுவான். முதலில் படம் எடு, நம்பரைக் குறித்துக்கொள், எதையும் கழற்றாதே. என்னுடைய கருத்து இதுதான்.

பாலைவனம் நமக்கு ரொம்ப தூரம். ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தானே இருக்கிறது? பழைய மோட்டாரைப் போய்ப் பாருங்கள். நேம் பிளேட் மேலேயே பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது பிளேட்டே இருக்காது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஆர்.பி.எம்., என்ன கனெக்‌ஷன் என்று ரீவைண்டிங் செய்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நாம்தான் நாளைக்கு சூப்பர்வைசர்கள். நம்பரை அழிக்கிற கையாக நம் கை இருக்கலாமா?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. வரும் ஆண்டில் ஒவ்வொரு துறையும் தன் மெஷின்களை நேம் பிளேட் தெரியும்படி படம் எடுத்து, நம்பரோடு ஒரு ரிஜிஸ்டர் போடட்டும். செலவு அதிகம் இல்லை. பின்னால் வரும் ஜூனியர்கள் நன்றி சொல்வார்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை