பாங்கி விதிகளும் குடிகளின் குரலும்

குடிகள்மீது வரி விதிக்க அவர்தம் பிரதிநிதிகளின் இசைவு வேண்டும் என்பது இன்று யாவர்க்கும் உடன்பாடு. அக்குடிகளுக்குக் கடன் கிடைப்பதையும் வட்டியையும் பெரிதும் பாதிக்கும் விதிகளோ, ஸ்விட்சர்லாந்திலுள்ள பேஸல் நகரத்தில், எந்நாட்டு மக்களின் வாக்கும் பெறாத ஒரு குழுவினரால் வகுக்கப்படுகின்றன.

1974 ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஹெர்ஷ்டாட் பாங்கி மூடப்பட்டது. அதனிடம் ஜெர்மன் நாணயத்தைச் செலுத்திவிட்டு, நியூயார்க்கில் டாலரை எதிர்நோக்கியிருந்த அயல்நாட்டுப் பாங்கிகள் ஏமாந்தன. அவ்வாண்டின் முடிவிலேயே செல்வ நாடுகள் சிலவற்றின் மத்திய பாங்கிக் கவர்னர்கள் பேஸல் குழுவை நிறுவினர். பாங்கி தான் கொடுத்த கடன்களை அபாயத்திற்கேற்ப மதிப்பிட்டு, அம்மதிப்பில் நூற்றுக்கு 8 பங்கேனும் மூலதனம் வைத்திருத்தல் வேண்டும் என்று 1988-இல் அது வகுத்தது. இவ்விதி தீதன்று.

அக்குழுவிற்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லை. விரும்பிய நாடு ஏற்கலாமன்றோ என்பர். பெயரளவில் அஃது உண்மையே. ஆயினும் ஏலாத நாட்டின் பாங்கிகளை உலகச் சந்தை ஐயுறும். ஆதலின் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதனைத் தழுவின. இந்தியாவும் 1992 முதல் தழுவிற்று. குழுவில் அதற்கு இடம் கிடைத்ததோ 2009-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில், பிறர் அளவுக்குத் தைத்த சட்டையையே நாம் அணிந்தோம்.

இடமிருத்தலின் பயன் யாது? 2001-இல் புதிய விதிகளின் வரைவு சிறு தொழில்களுக்குக் கடனை அரிதாக்கும் என்று ஜெர்மன் சான்ஸலர் ஷ்ரோடர் வன்மையாக மறுத்தார். 2004-இல் வெளிவந்த விதிகளில் அத்தொழில்களுக்குச் சலுகை இடம்பெற்றது. நம் கைத்தறி நெசவாளர்க்கும் கருப்பட்டி வணிகர்க்கும் அங்ஙனம் வாதாட அன்று அவ்வவையில் எவரும் இலர்.

நிபுணர் பணியை நிபுணரே செய்க என்று கூறுவாரும் உளர். கணக்கு அவர்களுடையதாகுக, எவ்வபாயத்தை எவர் தாங்குவது என்பது கணக்கன்று, நீதியின்பாற்பட்டது. ஐரோப்பியப் பார்லிமெண்டை நோக்குக. 2013-இல் பேஸல் விதிகள் அங்குச் சட்டமாக்கப்பட்டபோது, பாங்கி அதிகாரிகளின் போனஸ் ஆண்டுச் சம்பளத்தை விஞ்சலாகாது, பங்குதாரர் இசைந்தால் இருமடங்கு வரை செல்லலாம் என்னும் வரம்பு அப்பார்லிமெண்டின் வற்புறுத்தலால் சேர்ந்தது. பேஸலில் வகுக்கப்படாத வரம்பு மக்கள் பிரதிநிதிகளின் அவையில் பிறந்தது.

இந்தியாவில் இவ்விதிகள் ரிசர்வ் பாங்கியின் சுற்றறிக்கைகளாக வருகின்றன. பேஸல் கேட்பது 8 ஆயின், இங்குக் கேட்கப்படுவது 9. இம்மிகுதி நன்றாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வொரு பங்கின் பொருட்டு எவர்க்குக் கடன் மறுக்கப்படும் என்னும் வினா பார்லிமெண்டில் எழ வேண்டாமா? குழுவைக் கலைக்குமாறு யான் கூறவில்லை. அதன் ஒவ்வொரு வரைவும், நம் பிரதிநிதி பேஸல் செல்லுமுன், பார்லிமெண்டின் கமிட்டி ஒன்றன்முன் வைக்கப்படல் வேண்டும். திரும்பியபின், ஆங்குத் தாம் உரைத்தது யாது என்று அவர் அக்கமிட்டிக்கு விடை பகர்தல் வேண்டும்.