மலைக்கு அதன் பெயர் வேண்டும்

நம்மவர்கள் மலை ஏறினால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று வேண்டுதல், மற்றொன்று வெயில். பழநிக்கும் சபரிமலைக்கும் வேண்டிக்கொண்டு போகிறோம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும், கொல்கத்தாவில் இருப்பவர்கள் டார்ஜிலிங்குக்கும், வெயிலுக்குப் பயந்து போகிறோம். இரண்டும் இல்லாமல் நடப்பதற்கென்றே ஒருவன் மலைக்குப் புறப்பட்டால் வீட்டில் பெரியவர்கள், "வேறு வேலை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். பிரிட்டனில் அப்படியில்லை. சனி, ஞாயிறு வந்தால் பள்ளிப் பிள்ளைகள் முதல் எழுபது வயதுத் தாத்தா வரை மழைக்கோட்டும் ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாக முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலைக்கு நடக்கிறார்கள்.

என் மகள் குடும்பம் மான்செஸ்டரில் இருப்பதால் இரண்டு கோடைகளில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர வாய்த்தது. போன இடம் வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலை. ஆங்கிலம் அல்ல, வெல்ஷ் மொழியே இன்றும் வீட்டிலும் கடையிலும் புழங்கும் பகுதி அது. அங்கே நான் பார்த்ததையும், அதிலிருந்து நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல நினைப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பகுதியில் எரரி தேசியப் பூங்கா 1951-ல் ஏற்படுத்தப்பட்டது. பரப்பு சுமார் 2,130 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த சிகரம் 1,085 மீட்டர். வெல்ஷ் மொழியில் அதன் பெயர் 'அர் உய்த்வா', ஆங்கிலத்தில் 'ஸ்னோடன்'. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால் இது அதில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அடிவாரம் கடல் மட்டத்திற்குச் சற்றே மேலே இருப்பதால் ஏறவேண்டிய உயரம் அனேகமாக முழுவதும் காலால் ஏறவேண்டியதுதான். பக்கத்து முகடான க்ரீப் கோக்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அரை மணியில் மேகம் இறங்கிப் பாதையை மறைத்துவிடும்.

எனக்கு வியப்பாக இருந்தது, இத்தனை சிறிய இடத்துக்குள் மலைத்தொடர்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதுதான். கிளிடரைத் தொடரின் உச்சியில் உடைந்த பாறைகள் விறகு அடுக்கியது போலக் குவிந்து கிடக்கின்றன. அதை ஒட்டிய ட்ரவன் சிகரத்தில் கையை ஊன்றாமல் ஏற முடியாது. (நான் கீழே நின்று பார்த்ததோடு சரி.) வடக்கே கர்னெதைத் தொடர், யானை முதுகு போல அகன்ற புல்வெளி. அங்கே காட்டு மட்டக்குதிரைகள் மேய்கின்றன. தெற்கே ரினோகித் தொடர், புதரும் பாறையுமாகப் பாதையே தெரியாத இடம். இன்னும் தெற்கே 893 மீட்டர் உயரமுள்ள காடைர் இட்ரிஸ், அதாவது 'இட்ரிஸின் நாற்காலி'. இட்ரிஸ் ஓர் அரக்கன். அந்த மலையில் ஓர் இரவு தூங்கியவன் காலையில் கவிஞனாகவோ பைத்தியமாகவோ எழுந்திருப்பான் என்பது ஐதீகம். மேற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் லீன் தீபகற்பத்தில் மலை 564 மீட்டர்தான். ஆனால் அதன் ஒரு சிகரத்தில் இரும்புக் காலத்துக் கோட்டையின் கல்மதில்களும் வட்ட வீடுகளின் அடித்தளங்களும் இன்றும் நிற்கின்றன.

ரயில்வேக்காரன் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியுமா? அர் உய்த்வா உச்சிக்கு லான்பெரிஸ் என்ற ஊரிலிருந்து 1896 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. தூரம் 7.6 கிலோமீட்டர், மிகக் கடுமையான ஏற்றம் 5½ அடிக்கு ஓர் அடி. மூன்று ஆண்டு கழித்து, 1899-ல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய நம் நீலகிரி ரயிலும் அதே 'ஆப்ட்' முறைதான். அங்கே ஏற்றம் 12½-க்கு ஒன்று. இரண்டு பாதைகளிலும் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் இருந்த ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட நீராவி எஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. நீலகிரி எஞ்சின் சாதாரணச் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும். வேல்ஸ் எஞ்சினில் பல்சக்கரம் மட்டுமே இழுக்கும், மற்றவை பாரம் தாங்குவதற்கு மட்டும். 1896 ஏப்ரல் 6-ந் தேதி, திறந்த அன்றைக்கே எஞ்சின் ஒன்று பல்தண்டவாளத்தை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. குதித்த பயணி ஒருவர் இறந்தார். அதன்பின் பிடிமானத் தண்டவாளம் பொருத்தியே மறுபடி ஓட்டினார்கள்.

மலையின் தென்புறப் பாதைக்குப் பெயர் வைத்ததும் ஒரு ரயில்வே முதலாளிதான். சர் எட்வர்ட் வாட்கின் தம் செலவில் போட்ட அந்தப் பாதையை 1892-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் தம் 82-வது வயதில் வந்து திறந்து வைத்தார். நடப்பதற்கு வயது ஒரு காரணம் அல்ல என்று என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் அறிக!

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மலையில் நடக்கிறவர்கள் கையில் விரிக்கும் வரைபடம் முழுவதும் வெல்ஷ் சொற்கள். 'மொயில்' என்றால் மொட்டை மலை. 'க்ரீப்' என்றால் முகடு. 'புல்க்' கணவாய். 'கூம்' மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். 'ஹாவொட்' என்றால் கோடையில் மந்தையோடு மேலே போய்த் தங்கும் குடிசை. 'ஹெந்த்ரே' குளிர்காலத்தில் திரும்பும் கீழ்வீடு. இந்தப் பத்துப் பதினைந்து சொற்கள் தெரிந்தால், போகாத மலையும் எப்படி இருக்கும் என்று வரைபடத்திலிருந்தே சொல்லிவிடலாம். பெயரே தகவல். எவரெஸ்ட்டின் தோளில் இருக்கும் பனிப்பள்ளத்துக்கு 1921-ல் மலோரி வைத்த பெயரில் இந்த 'கூம்'தான் உள்ளது. 1953-ல் எவரெஸ்ட்டை வென்ற குழு பயிற்சிக்குத் தங்கியதும் எரரியில்தான்.

பெயரை மாற்றினால் தகவலும் போகிறது. ட்ரவனுக்குப் பக்கத்தில் 'லின் போக்லுவித்' என்று ஓர் ஏரி. சாம்பல் நிறக் கன்னம் என்று பொருள். வேட்டைக்காரரிடம் தப்ப ஒரு கிழட்டு மான் அதில் குதித்துத் தலையைத் தூக்கியபடி நீந்தியதாம். அந்தக் கதை பெயருக்குள் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் வடிவம் ஆஸ்திரேலியா போல இருப்பதால் நடக்க வருகிறவர்கள் அதை 'ஆஸ்திரேலியா ஏரி' என்கிறார்கள். மானும் போயிற்று, கதையும் போயிற்று.

இதைக் கண்டுதான் பூங்கா ஆணையம் 2022 நவம்பரில் ஒரு முடிவெடுத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இனி 'அர் உய்த்வா', 'எரரி' என்றே எழுதுவது என்று. வெளியூர்க்காரர் வாயில் நுழையாது என்று ஆட்சேபணை வந்தது. எனக்கு இது சரியான காரணமாகப் படவில்லை. நம் பரங்கிமலை அருகே 1802-ல் தொடங்கிய நில அளவைதான் கடைசியில் இமயம் வரை சென்றது. உச்சிச் சிகரத்துக்குத் தம் பெயரை வைக்கப் போகிறார்கள் என்றதும், இந்த நாட்டு மக்கள் வாயில் அது நுழையாதே என்று ஆட்சேபித்தவர் எவரெஸ்ட் துரையேதான். உலகம் முழுவதும் அதைப் பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம் ஒரு திசையில் மட்டும்தான் செல்ல வேண்டுமா?

ஆனால் பெயர்ப்பலகை மட்டும் மொழியைக் காப்பாற்றிவிடாது. எத்தனையோ ஸ்டேஷன்களில் மூன்று மொழிப் பலகை நட்டவன் நான். அதைப் பார்த்து மூன்று மொழி கற்றவர் யாரையும் கண்டதில்லை. வேல்ஸில் 1911-ல் நூற்றுக்கு 43.5 பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8 பேர். எரரியின் பெரும்பகுதி அடங்கிய க்வினெத் மாவட்டத்தில் இன்னும் 64.4 பேர் பேசுகிறார்கள் என்றாலும் பத்தாண்டு முன்பு அது 65.4. மலையழகைப் பார்க்க வந்தவர்கள் அங்கேயே விடுமுறை வீடு வாங்க, விலை ஏறி, உள்ளூர் இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். அத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு 2023 முதல் வழக்கமான வரிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூடுதல் வரி போட்டிருக்கிறது மாவட்ட மன்றம். 1965-ல் லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காகக் கபெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தையே ஏரியில் மூழ்கடித்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கும்போது நாம் யார் பக்கம் என்று நமக்குச் சந்தேகம் வராது. சிறிய மொழியின் பக்கம்தான். ஆனால் அன்பர்களே, இந்த ஊரில் நாம் யார்? வெளியிலிருந்து வந்தவர்கள். வங்காளத்தில் முப்பது ஆண்டு குடியிருந்தும் காய்கறிக்காரரிடம் அரைகுறை இந்தியில் பேரம் பேசுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வெல்ஷ்காரன் எந்த வந்தேறியைப் பற்றிக் குறைப்படுகிறானோ அந்த இடத்தில் இங்கே நாம் நிற்கிறோம். இருக்கும் ஊரின் மொழியைக் கற்பது வாடகை கொடுப்பது போன்ற கடமை. அதைச் செய்கிறவனுக்குத்தான் தன் மொழிக்காகப் பேச உரிமை உண்டு என்பது என் தாழ்மையான கருத்து.

சொந்த மொழிக் கடமை வேறு. லண்டனுக்குப் பிழைக்கப் போன வெல்ஷ்காரர்கள் 1751-லேயே அங்கே தங்களுக்கென்று 'கிம்ரதோரியன்' என்ற சங்கம் வைத்தார்கள். இன்றும் அது இருக்கிறது. 1958-ல் லண்டனிலேயே வெல்ஷ் மொழிப் பள்ளியும் தொடங்கினார்கள். நம் சங்கங்களில் பொங்கல் விழாவுக்குக் கூட்டம் குறைவில்லை. ஆனால் இந்த இதழை வீட்டில் வாசிப்பது தாத்தா பாட்டிதான். பேரப்பிள்ளைக்கு அட்டையிலுள்ள எழுத்தைக்கூடக் கூட்டிப் படிக்க வரவில்லை.

ஆகவே ஒரு யோசனை. சங்கத்தின் வருடாந்தரப் பிக்னிக் எப்போதும் பஸ், பிரியாணி, தம்போலா என்று முடிகிறது. வரும் குளிர்காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புருலியாவின் அயோத்யா மலைக்கு நடக்கப் போவோம். ஹவுராவில் இரவு வண்டி ஏறினால் காலையில் புருலியா. அங்கே சிகரத்தின் பெயர் கோர்காபுரு. 'புரு' என்றால் சந்தாலி மொழியில் மலை. வெல்ஷ்காரனின் 'மொயில்' போல. 1925-ல்தான் தனக்கென்று எழுத்து பெற்று, 2003-ல்தான் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பிடித்த மொழி அது. மலைக்கும் ஓடைக்கும் பெயர் என்ன என்று அந்த ஊர்க்காரரிடம் வங்காளியில் பிள்ளைகளே கேட்கட்டும். அவர் சொல்லும் சந்தாலிப் பெயரைத் தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். ஒரே நாளில் மூன்று மொழிக்கும் மரியாதை.

வர விரும்பும் குடும்பங்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நல்ல பூட்ஸ் வேண்டும், தண்ணீர் பாட்டில் வேண்டும். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது.