அங்கியின் நிழலில் கொலையாளிகள்

“அத்தனை பேரையும் கொன்றவர்கள் பிறகு எங்கே போனார்கள், ஐயா?”

கம்மாபுரத்தில் என் வகுப்பறையில், இரண்டாம் உலகப் போர் பற்றிப் பாடம் நடத்திய அன்று, மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. சிலர் தூக்குமேடை ஏறினர். சிலர் சிறை புகுந்தனர். வேறு சிலரோ, ஆயர் ஒருவரின் அருளால் கப்பலேறினர்!

அந்த ஆயர் அலோய்ஸ் ஹூடல். ஆஸ்திரியாவில் 1885-இல் பிறந்தவர், ரோம் நகரில் ஜெர்மானியக் குருக்களின் ‘ஆனிமா’ கல்லூரித் தலைவர், 1933-இல் ஆயரானவர். நாசிசத்துக்கும் கிறித்துவத்துக்கும் உறவு கூட்டி நூலெழுதி, அதை இட்லருக்கே காணிக்கையாக்கிய கனவான்!

பிரான்ஸ் ஸ்டாங்கல் என்பவன் ட்ரெப்ளிங்கா கொலைக்கூடத்தின் தலைவன். 1942, 43 ஆம் ஆண்டுகளில் அங்கே நச்சுப்புகைக்கு இரையான யூதர்கள் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர். 1948-இல் ஆஸ்திரியச் சிறையினின்றும் தப்பிய அவன், தேடிச் சென்றது ஹூடலின் வாயிலைத்தான். தங்க இடம் கிடைத்தது, பணம் கிடைத்தது, செஞ்சிலுவைச் சங்கத்தின் பயணச்சீட்டும் கிடைத்தது. வீடிழந்து நாடிழந்த ஏதிலிகளுக்கென ஏற்பட்ட சீட்டு அது! திருச்சபையாரின் பரிந்துரை இருந்தால் மேலும் துருவிக் கேட்பாரில்லை. சிரியா சென்றான், 1951-இல் பிரேசிலுக்குப் போனான், சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தான். 1967-இல்தான் பிடிபட்டான்; 1970-இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

அவன் ஒருவன் மட்டுமா? ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைவீரர்கள் ஐயாயிரம் பேருக்கு நுழைவு அனுமதி கேட்டு, 1948-இல் அர்ஜென்டினா அதிபர் பெரோனுக்கு மடல் தீட்டினார் ஹூடல்.

“கருணையன்றோ அது!” என்பர் சிலர். கருணையா? எவர்மீது? குழந்தையைப் பறிகொடுத்த தாய் கதறியபோது எழாத கருணை, கொன்றவன் கதவைத் தட்டியதும் ஊற்றெடுத்ததேன்? மன்னிக்கும் உரிமை, துன்புற்றவனுக்கு உண்டு. துன்பத்தைக் காணாத மூன்றாமவனுக்கு அதைத் தந்தவர் யார்? அவர்கள் குற்றமற்றவர்கள் என்று ஹூடல் நம்பினாராம். நம்பியிருந்தால், வழக்கறிஞரை அமர்த்தியிருக்க வேண்டும், பொய்ச்சீட்டு எதற்கு?

கன்றின் உயிருக்கு ஈடாக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைப் பற்றி நாம் கதை பேசுகிறோம். கதைதான்! எனினும், நீதி தன் பிள்ளை என்றும் பாராது என்ற கருத்து அதில் உண்டு. கதைக்குள்ள நேர்மைகூட அந்த ஆயருக்கு இல்லையே!

ஒருவர் செய்த பிழைக்காக, வழிபடும் மக்களை எல்லாம் பழிக்க நாம் வரவில்லை. அதே அங்கியணிந்த ஆயர் காலன், நோயுற்றோரைக் கொல்லும் கொடுமையை 1941-இல் மேடையேறிக் கண்டித்தார். யூதருக்காக வெளிப்படையாக வேண்டிய பெர்லின் குரு லிக்டென்பர்க், 1943-இல் கைதியாகவே மாண்டார். ஆகவே அங்கி எவரையும் புனிதராக்குவதில்லை. செயலே மனிதனை அளக்கும் கோல்.

ஹூடலுக்கு நேர்ந்தது என்ன? 1952-இல் கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார். வழக்கில்லை, விசாரணையில்லை. 1963-இல் இயற்கையாக இறந்தார். தாம் தப்புவித்ததை எண்ணி, நினைவுக் குறிப்புகளில் ஆண்டவனுக்கு நன்றியும் கூறினார்! அக்காலப் போப்பின் ஆவணங்கள் ஆராய்ச்சியாளர்க்குத் திறக்கப்பட்டதோ 2020-இல்தான்.

தோழர்களே! வெள்ளை அங்கியோ, காவியோ, கதரோ, எந்த ஆடை குற்றவாளிக்குத் திரையானாலும், அத்திரையை விலக்கிக் கேளுங்கள்: “உள்ளே யார்?” அம்மாணவன் கேட்டதும் அதுவே. அவனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள் நாம்.