துக்கத்தை அளக்கலாமா?

"துக்கத்தை அளப்பதாவது! அது என்ன ஸார், அரிசியா பருப்பா, படியில் கொட்டி அளக்க? பெற்ற தாய்க்குச் செய்கிற பணிவிடைக்கு மார்க் போடுகிற காலமும் வந்துவிட்டதா?"

வள்ளூர் அன்பர் ஒருவர் இப்படிச் சீறினார். அவருடைய கோபம் நியாயமானதைப் போலத்தான் தோன்றும். ஆனால் நியாயமல்ல என்பது என் கட்சி.

விஷயம் இதுதான். டிமென்ஷியா என்னும் முதுமை மறதி நோய் கண்டவர்களைக் காப்பாற்றுகிற குடும்பத்தாரின் துக்கத்தை அறிய, மார்விட், மியூசர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2002-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். முதலில் 50 வினாக்கள். பின்னர் 18 ஆகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண். இழந்த சொந்த வாழ்வு, நெஞ்சின் ஏக்கம், கவலையும் தனிமையும் என்று மூன்று பகுதிகள்.

இதில் என்ன பாவம் வந்துவிட்டது? அன்பரின் ஊர் அனல் மின் நிலையத்தில் 1,500 மெகாவாட்டுக்கும் கணக்கு உண்டு. எரிகிற நிலக்கரிக்கும் கணக்கு உண்டு. போகட்டும், துக்கத்தையே நாம் அளக்காதவர்களா? பத்தாம் நாள், பதினாறாம் நாள், வருஷாப்தியம் என்று செத்தவருக்காக நாள் எண்ணி அழுகிறவர்கள்தானே நாம்? பெற்ற மகனைப் பார்த்து "நீ யாரப்பா?" என்று கேட்கிற தாய்க்காக மட்டும் அழ ஒரு நாள்கூட இல்லை. அழுதாலும், "உயிரோடிருக்கிறவளுக்கா ஒப்பாரி?" என்று அதட்டி அடக்கிவிடுகிறோம்.

அளந்ததால் என்ன தெரிந்தது என்று கேட்கலாம். 2001-ல் அதே அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டு சொன்னார்கள். பிள்ளைகளின் துக்கம் நோயின் நடுக்கட்டத்தில் உச்சத்தை எட்டிப் பிறகு தணிகிறது. கணவன் மனைவியரின் துக்கமோ நோயோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. யாருக்கு எப்போது கைகொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

அந்த ஆராய்ச்சியிலும் ஒரு குறை உண்டு. அவர்கள் பிள்ளைகளையும் வாழ்க்கைத் துணைவரையும் கேட்டார்கள். நம் வீடுகளில் மாமியாரைக் குளிப்பாட்டுகிறவள் பெரும்பாலும் மருமகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் புருஷன் இரவு ஷிப்டுக்குப் போனபின், கிழவர் தெருவில் இறங்கிவிடாமல் விடியவிடியக் கதவைக் காக்கிறவள் அவள். "கூட்டுக் குடும்பத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது" என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் கூட்டம் முழுவதும் ஒற்றைப் பெண்ணின் தோளில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! வினாத்தாளைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. அவளுக்கென்றும் வினாக்கள் வேண்டும்.

இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நோயாளிகளை எண்ணத் தெரிந்த நமக்கு அவர்களுடைய காவலர்களை எண்ணத் தோன்றவில்லை. காய்ச்சலில் படுத்த தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பணம் கொடுக்கிறது, தாயைக் காக்க வீட்டில் தங்கியவனுக்குச் சம்பள வெட்டுதான்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள், கதவோரம் நிற்கிற அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அந்தப் 18 கேள்விகளையும் கேட்கட்டும். அளப்பதால் துக்கம் கரைந்துவிடாது, நான் அறிவேன். ஆனால் எண்ணிக்கை இல்லாத எந்தக் கண்ணீரையும் நம் ஆபீஸ்கள் இன்றுவரை நம்பியதில்லை.