முளைக்கு நீரில்லை, முதிர்ந்த மரத்திற்குப் பரிசா?



அறிவியல் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்று எவர் சொன்னார்? அரசுகளின் திட்டங்கள் சொல்கின்றன. 2009-10ஆம் ஆண்டு முதல் நடுவணரசு வழங்கிவரும் 'இன்சுபயர்' விருதில், புதுமையான எண்ணம் ஒன்றை விடுத்துத் தேர்வுபெறும் மாணாக்கர்க்கு இன்று 10,000 உருபா கிடைக்கிறது. நல்லதே, அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அதன் கதவு ஆறாம் வகுப்பில்தான் திறக்கிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றமும் ஆறு முதல் எட்டு வரை பயில்வோர்க்கே உரியது. அங்ஙனமாயின், ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் குழந்தையின் கையில் நாம் எதைக் கொடுத்தோம்?

மிகுதியாக வினா எழுப்பும் பருவம் அதுவன்றோ! மின்மினி ஏன் ஒளிர்கிறது, விதை எப்படி முளைக்கிறது, காந்தம் ஏன் இரும்பை இழுக்கிறது என்று கேட்கும் அந்த வாய்க்கு, 'நூலில் உள்ளதை எழுது' என்பதே விடையாகிறது. ஐந்தாண்டு அப்படி வாயடைத்துவிட்டு, ஆறாம் ஆண்டில் 'புதுமை காண்' என்று பரிசு நீட்டினால் புதுமை எங்கிருந்து வரும்?

ஐந்தாம் வகுப்பில் தம் ஆசிரியர் சிவசுப்பிரமணியர் கடற்கரைக்கு அழைத்துச்சென்று, பறவை பறக்கும் விதத்தைக் கண்முன் காட்டியதே தம் வாழ்வின் போக்கை வகுத்தது என்று அப்துல் கலாம் பலகாலும் கூறியிருக்கிறார். இராமேசுவரத்துக் குழந்தைக்குக் கடல் இருந்தது. கடல் இல்லாத ஊர்ப் பள்ளிக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியேனும் வேண்டாவா?

பணமே இல்லையா என்றால், பெயருக்கு உண்டு. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளிக் கூட்டுநல்கை என ஒன்று இருக்கிறது. 30 பேர் வரை பயிலும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 உருபா. 100 பேர் வரை பயிலும் பள்ளிக்கு 25,000 உருபா. மின்கட்டணம், தண்ணீர், இணையம், விளையாட்டுப் பொருள், பழுதுநீக்கம், கற்பிக்கும் கருவி ஆகிய அனைத்தும் அதிலேயே அடங்க வேண்டும்! அதில் பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று விதித்தவர்கள், அறிவியல் செய்முறைக்கு ஒரு விழுக்காடேனும் வரையறுத்தார்களா? இல்லை. மின்கட்டணத்திற்கும் மின்குமிழுக்கும் போன மிச்சத்தில் அறிவியல் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள்.

அந்தச் சிறுதொகைக்கும் முட்டுக்கட்டை நேர்ந்தது. பி.எம்.சிரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதைக் காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்கு உரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்தது. தமிழக அரசு 2025 மேத் திங்களில் உச்ச நயன்மன்றத்தின் படியேற நேர்ந்தது. மொழிக்கொள்கையில் பிணக்கு இருந்தால் அதை ஆட்சியாளர் பேசித் தீர்க்கட்டும். குழந்தையின் பங்கைப் பிணையாகப் பிடிப்பது எந்த அறம்?

எனினும் நடுவணரசைச் சுட்டிவிட்டுத் தமிழக அரசு ஒதுங்கிக்கொள்ள இயலாது. கணக்கைப் பாருங்கள். காலையுணவுத் திட்டம் 2023 ஆகத்தில் 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. அத்தனை பள்ளிக்கும் ஆண்டுக்கு 5,000 உருபா வீதம் அறிவியல் நல்கை கொடுத்தாலும் ஆகும் செலவு ஏறத்தாழ பதினைந்தரைக் கோடி. நிறுத்திவைக்கப்பட்ட தொகையில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! வயிற்றுக்குச் சோறிட்ட கை அறிவுக்கு இதை இட முடியாதா?

'எழுத்தும் எண்ணும் வந்தால் போதும்' என்பார் சிலர். முளைத்த பயற்றை நாள்தோறும் அளந்து குறித்துவைக்கும் குழந்தை, எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே கற்கிறதே! 'ஆசிரியர் கையில் பணம் கொடுத்தால் கணக்கு என்னாகும்?' என்பார் வேறு சிலர். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோரே. அவர்கள் பார்க்காத கணக்கையா தலைநகரத்து அலுவலர் பார்த்துவிடப் போகிறார்?

பொருளாக வாங்கி அனுப்புகிறோம் என்பதும் வேண்டா. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி வந்தது. பெட்டி உடைந்தால் கேள்வி வருமென்று அஞ்சி, அதைப் பூட்டியே வைத்திருந்த பள்ளிகள் பல. உடைத்தால் திரும்ப வாங்கலாம் என்னும் உரிமை ஆசிரியர்க்கு இருந்தால்தான் கருவி குழந்தையின் கைக்கு வரும்.

இறுதியாக, நம்மையும் கேட்டுக்கொள்வோம். தமிழ் அறிவியல் மொழியே என்று மேடைதோறும் முழங்குகிறோம். 'ஒளி விலகுகிறது' என்று நூலில் எழுதிவிட்டால் தமிழ் அறிவியல் மொழியாகிவிடாது. நீர்க்குவளையில் இட்ட கோல் வளைந்து தோன்றக் கண்ட குழந்தை, 'ஏன்?' என்று தமிழில் கேட்கும் நொடியில்தான் அது ஆகும்.

ஆகவே, நம் கோரிக்கை ஒன்றே: தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றுக்கும், போட்டியின்றி, இணையப் படிவமின்றி, ஆண்டுதோறும் 5,000 உருபா அறிவியல் நல்கை! அரசு தரும்வரை வாளாவிருத்தலும் தகாது. உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு இத்திங்களே செல்லுங்கள். ஆசிரியரைக் கண்டு என்ன வேண்டுமெனக் கேளுங்கள். ஒரு காந்தமும் ஓர் உருப்பெருக்கியும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பச் செய்யுங்கள்.

முளைக்கு நீர் வார்ப்போம்; மரம் தானே எழும்!